களவெடுத்தால்தான் பிடிக்கும்

மகனே,

சுகமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் கேட்டேன். "சுகம்மா, சாப்பிட்டீங்களா?" என்றாய். "சாப்பிட்டேன்" என்றேன். பின்னால் யாரோ ஹோன் அடித்தார்கள். "டிராபிக்ல நிக்கிறேன்மா, பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். பிறகு எடுக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி ஞாபகம் வைத்திருப்பதுதான் என்னிடம் உள்ள ஒரே குறை என்று உன் அப்பா சொல்லுவார். நான் சொல்ல நினைத்தது அந்தப் போன் பேச்சுக்குள் அடங்காது, அதனால் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன் வீட்டு டீச்சரிடம் கொடுத்து எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னேன். "எழுத்தைத் திருத்துங்க டீச்சர், என் கோபத்தைத் திருத்திடாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன். உன் மனைவியும் படிக்கட்டும். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

போன கிழமை நீ அனுப்பிய மேசன் பாஸ் வந்தார். அக்குறணை ஆள், வெள்ளைத் தாடி, நல்ல மனுஷன். கையில் நூல் கட்டையும் அளவு நாடாவும். கேட்டுக்கு உள்ளே மதிலோரம் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடியும் மேலே பார்த்தார். "அம்மா, மகன் போன் பண்ணினாரு. டிசம்பர் மொதல் கெழமையே சீமெந்து போடச் சொன்னாரு. ரெண்டு கார் நிக்கணுமாம். இதென்ன மரம் இது, மூங்கிலும் இல்ல, மரமும் இல்ல?" என்றார். மரடேலியா என்றேன். "டேலியான்னா முழங்கால் ஒசரம்தானே நிக்கும்? இது கூரையைத் தாண்டிப் போகுதே!" என்றார். பிறகு நுனியைக் கண்டார். நுனியில் மொட்டுகள் கொத்துக் கொத்தாக, சின்னச் சுண்டைக்காய் மாதிரித் தொங்குகின்றன. கையில் இருந்த நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மொட்டு வச்ச நேரத்துல வெட்ட எனக்குக் கை வராது அம்மா. தைப்பொங்கல் கழிய வாறேன். ஆனா மகன்கிட்ட நான் சொல்ல ஏலாது, அவர்தான் வேலை குடுத்தவரு. நீங்க பேசிக்கங்க" என்றார். நான் உன்னிடம் பேச வேண்டி வந்தது இப்படித்தான்.

சீமெந்து போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் இதை விளங்கிக்கொள். போன ஆகஸ்ட் கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கு நீங்கள் வந்தபோது, காரை ரோட்டில் விட்டுவிட்டு நீ ராத்திரி முழுக்கத் தூங்காமல் எட்டி எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும். நம் வாசலில் போகிற அம்பிட்டிய ரோட்டில் பஸ்காரன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு உன் பயம் நியாயம்தான். காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து அந்தச் செடியைத் தட்டிப் பார்த்தாய். "இந்தத் தடிய வெட்டிட்டா ரெண்டு கார் நிக்கும்மா. இது சும்மா வளருது, ஒரு பூவையும் காணோம்" என்றாய். ஆகஸ்ட் மாதத்தில் அதில் பூ இருக்காது மகனே, இங்கே வளர்ந்த நீயே மறந்துவிட்டாய். ஆகஸ்டில் அது ஆள் உயரத்தைத் தாண்டி வெறும் இலையாக நிற்கும். ஐப்பசி மழை வந்து, பொழுது கொஞ்சம் சுருங்கினால்தான் அதற்கு மொட்டு வைக்கிற எண்ணமே வரும். மார்கழியில் பூக்கும். மார்கழியில் நீ வருவதில்லை.

நத்தாருக்கு வத்தளையில் உன் மாமனார் வீட்டில் இருக்கிறாய். அதையும் நான் குறை சொல்லவில்லை. டிலானி அவர்களுக்கு ஒரே பிள்ளை. கோயில், பாலன் குடில், கேக் என்று அவர்களுக்கு அது பெரிய நாள். ஆனால் கல்யாணமான முதல் வருஷம், அந்தக் கதிரையில் உட்கார்ந்து, நீல நிறக் கட்டம் போட்ட சேட்டு போட்டிருந்தாய், "ஒரு வருஷம் அங்க, ஒரு வருஷம் இங்க" என்று சொன்னாய். நான் உன்னைக் கேட்கவில்லை. நீயாகத்தான் சொன்னாய். அதே நாள் டிலானி கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, "மாமி, இந்தப் பத்தைய வெட்டினா வீட்டுக்கு வெளிச்சம் வருமே" என்றாள். பத்தை என்றாள். வேண்டாத புதரைத்தான் அப்படிச் சொல்லுவோம். அவள் மறந்திருப்பாள். நல்ல பிள்ளைதான், எனக்கு மருந்து வாங்கி அனுப்புகிற பிள்ளை, ஆனால் பத்தை என்றாள்.

உன் மகள் மட்டும் அதைப் பத்தை என்று சொல்லவில்லை. போன ஆகஸ்டில் தடியில் காதை வைத்து நின்றாள். தடிக்குள் வெறும் கூடு, விரலால் சுண்டினால் உடுக்கு மாதிரிச் சத்தம் வரும். "அப்பாயி, இது எப்ப பூக்கும்?" என்று கேட்டாள். "நீங்க போன பொறகு" என்றேன். "நாங்க போகாட்டி?" என்றாள். நீ அந்த நேரம் கார் டிக்கியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய்.

இப்போது பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு அது ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். ஞாபகம் இருந்தால் அதைத் தடி என்று தட்டியிருக்க மாட்டாய். நாம் நாவலப்பிட்டியில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்த காலம். அப்பாவுக்குக் கண்டிக்கு மாற்றம் வந்தது. அம்பிட்டியவில் இந்தத் துண்டு நிலம் வாங்கி, இரண்டு அறை கட்டி, ஜனவரியில் உன் பள்ளிக்கூடம் தொடங்க முதல் வந்துவிட வேண்டும் என்று புறப்பட்டோம். அதற்கு முந்தின நாள் உன் பெரியத்தை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அப்பாவின் அக்கா, எனக்கு மதினி. டவுனில் கடை வைத்திருந்த வீடு, பின்னால் மண் கரையோடு தோட்டம். அந்தத் தோட்டத்தில்தான் இந்த மரடேலியா நின்றது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், கூலி ஆட்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்துத் துரை பங்களாவில் மட்டும் இருந்த பூ அது. சின்னப் பிள்ளையில் கொழுந்துக் கூடையோடு அந்த வேலியைத் தாண்டிப் போகும்போது அண்ணாந்து பார்த்தபடியே போவேன். அந்தப் பூவுக்கு ஒரு குணம் உண்டு, முகத்தைக் கீழே தொங்கப் போட்டிருக்கும். தூரத்தில் நிற்கிறவனுக்கு முதுகுதான் தெரியும். அடியில் வந்து நிமிர்ந்து பார்த்தால்தான் அந்த இளம் ஊதா நிறமும் நடுவில் உள்ள மஞ்சளும் தெரியும்.

பூச்செடியைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் பிடிக்கும் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிங்களவர்களும் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் களவுக்கும் ஒரு முறை இருக்கிறது. எடுக்கிறவள் கேட்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. வீட்டுக்காரி கண்டாலும் காணாதவள் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டால் செடி பட்டுப்போகும். இரண்டு பேருக்கும் தெரிந்து நடக்கிற களவு அது. உன் பெரியத்தைக்கும் அந்த முறை தெரியும். அவளுடைய தோட்டத்தில் பாதி அப்படி வந்ததுதான், அவளே வாய் விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாடு முடிந்தது. பூ முடிந்து தடி முற்றி நின்ற நேரம். தடியை இரண்டு கணு இருக்கிற மாதிரித் துண்டாக்கிப் படுக்க வைத்து மண் மூடினால் கணுவில் முளை வரும். நான் தோட்டத்துப் பக்கம் போய் முழங்கை நீளத்துக்கு ஒரு தடியை ஒடித்தேன். மதினி பின் படியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், அவள் திரும்பிக்கொள்ளுவாள் என்று. அவள் திரும்பவில்லை. கடைக்காரர்கள், பக்கத்து வீட்டார், ரயில்வே ஆட்கள், எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் கத்தினாள்: "ஏன்டி களவாணி! லயத்துப் புத்தி போகுமா உனக்கு? வச்சுட்டுப் போடி அத!"

லயத்துப் புத்தி என்றாள். அவள் பிறந்ததும் லயத்தில்தான், ஒரு மலை தள்ளி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் அப்பா தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா முன்னால் வாய் திறக்காத மனுஷன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றாய், எட்டு வயது, காக்கிக் காற்சட்டை. நான் தடியை வேலிக்கு மேலால் உன் கையில் கொடுத்து, "ஓடுடா" என்றேன். நீ ஓடினாய். திரும்பிக் கூடப் பார்க்காமல் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினாய். நான் வெறுங்கையை மதினிக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். "எதை மதினி வைக்கணும்?" என்று கேட்டேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துப் புரையேறி இருமினார். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மறுநாள் ரயிலில் நீ அந்தத் தடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். ஈரத் துணி சுற்றி, மேலே பத்திரிகைத் தாள் சுற்றி வைத்திருந்தேன். கம்பளையில் ஏறிய ஒரு கிழவர், "என்ன தம்பி, கரும்பா?" என்று கேட்டார். நீ ஒரு நிமிஷம் யோசித்து, "ஆமா, பொங்கலுக்கு" என்றாய். "ஒரு துண்டு குடேன்" என்றார். "இது பூக்குற கரும்பு தாத்தா, திங்க ஏலாது" என்றாய். பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். முதல் நாள் அவ்வளவு பேருக்கு முன்னால் பட்ட வெட்கம் அந்த ரயிலில்தான் கொஞ்சம் இறங்கியது. அந்தக் களவில் பாதி உன்னுடையது மகனே. அதனால்தான் இவ்வளவும் சொல்லுகிறேன்.

இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே, பெட்டி படுக்கை எல்லாம் வெளியே கிடக்க, உன் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மதிலோரம் குழி வெட்டினார். நான் சொல்லவில்லை. கல் நிறைந்த மண், கை பொத்துப் போகிற அளவுக்கு வெட்டினார். முந்தின நாள் பேசாததைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, சாகும் வரைக்கும் பேசவில்லை. நானும் விடவில்லை. சண்டை வரும்போதெல்லாம் "சப்பாத்துப் பார்த்த ஆள்தானே" என்று சொல்லுவேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சித்திரை மழைக்கு முளை கிளம்பியதும், இருக்கிற முளையில் பெரிது இரண்டு மூன்றை விட்டு மற்றதை ஒடித்து, கித்துள் பனைப் பட்டையை முட்டாக ஊன்றி, என் பழைய சேலையைக் கிழித்து அதைக் கட்டி நிறுத்துகிறவர் அவர்தான். கார்த்திகைக் காற்றுக்கு அந்தத் தடி நிற்காது, உள்ளே கூடு அல்லவா. கட்டாவிட்டால் பூக்கும் முதல் நாள் முறிந்து விழும். இப்போது நான்தான் கட்டுகிறேன். ஸ்டூலில் ஏறித்தான் கட்ட வேண்டும். ஏறாதே என்று நீ போனில் கத்துவாய் என்றுதான் சொல்லாமல் விட்டேன். ஏறி இறங்கியாகிவிட்டது, இனிக் கத்தாதே.

அப்பாவின் முதல் வருஷத் திதி ஜனவரியில் வந்தது. நீங்களும் வந்தீர்கள். பூ உதிர்ந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. "எப்பவும் காஞ்சுதான் நிக்குதும்மா" என்றாய். அன்றைக்கு உன் பெரியத்தையும் வந்தாள். தம்பி திதிக்கு வராமல் இருக்க முடியாதே. கூனிப் போயிருந்தாள். அவர்கள் வீட்டு மண் கரை மழைக்குச் சரிந்து தோட்டம் முழுக்க மூடிப்போனது என்று யாரோ என் காதில் போட்டிருந்தார்கள். நான் அவளோடு பேசவில்லை, சோற்றை மட்டும் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்து முன் அறையில் இருக்கும்போது, குசினி ஜன்னலால் பார்க்கிறேன், மதிலோரம் நான் வெட்டி அடுக்கியிருந்த தடிகளுக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். அப்படியும் இப்படியும் பார்த்தாள். குனிந்து, இரண்டு கணு உள்ள துண்டாகத் தேடி எடுத்து, கைப்பைக்குள் திணித்தாள். பைக்கு வெளியே ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் அதை மூடினாள்.

கத்தியிருக்கலாம். அன்றைக்கும் வீடு நிறைய ஆட்கள். "என்ன மதினி, லயத்துப் புத்தியா?" என்று கேட்கிறதுக்கு அந்தச் சொல் என் நாக்கு நுனியில் அத்தனை வருஷமாகக் காய்ந்து கிடந்தது. அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். நான் திரும்பிக்கொண்டேன். எதிரே சுவர்த் தட்டில் சீனி டின் இருந்தது. அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் அந்த டின்னில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான். அது வேறு, இது வேறு. அடுத்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தத் துண்டு முளைத்ததா, பூத்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டறிய அந்த வீட்டில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

முறையாகக் களவெடுத்தவள் என்றால் அது பக்கத்து வீட்டு சுமனாதான். ஒவ்வொரு தை மாதமும் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அக்கே, நீங்க அந்தப் பக்கம் பாருங்க. நான் ஹொரகம் செய்யப் போறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் களவுக்கு வருவாள். "ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் துணி மடிக்கிறேன்" என்பேன். இரண்டு தடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், அந்த உடம்போடு. மறுநாள் ஒன்றும் தெரியாதவள் போலப் பலாக்கொட்டைக் கறி கொண்டு வருவாள். அவளுடைய ஒரு தம்பி வீட்டில், ஒரு மருமகள் வீட்டில், பன்சலையில் புத்த பிக்கு ஹாமுதுருவின் கிணற்றடியில், எல்லா இடத்திலும் நம் வீட்டுத் தடிதான் இப்போது பூக்கிறதாம். போன வருஷக் கடைசியில் அவளுடைய மகள் வந்து அவளைக் குருநாகலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அழுதாள். நான் அழவில்லை. அந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

இந்தத் தை மாதம் வழக்கம் போல வெட்டி, துண்டாக்கி, மதிலோரம் சாய்த்து வைத்தேன். குசினியில் நின்று துணி மடித்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு கிழமை வைத்துப் பார்த்தேன். வெயிலில் தடி சுருங்கிக் கறுத்துப் போயிற்று. டீச்சரிடம் சொன்னேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்று. "எங்கங்க இடம் இருக்கு" என்றார். நான் வாய் விட்டுக் கொடுத்ததுதான் பிழை. கொடுத்தால் எங்கே பிடிக்கப் போகிறது? கடைசியில் நானே அள்ளி வாழைக்கு அடியில் போட்டேன். மதினி கத்திய அன்றைக்குக் கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. களவாணி என்று கூப்பிட ஒருத்தியாவது இருந்தாள். களவெடுக்கவும் ஆளில்லாத வீடு என்ன வீடு, சொல்.

இங்கே நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அரைச் சுண்டு அரிசி போடுகிறேன், அதிலும் பாதி காக்கைக்கு. டிவியைப் போட்டு வைக்கிறேன், சத்தத்துக்காக. குசினி ஜன்னலால் பார்த்தால் படிக்கு மேலே கேட்டுப் பக்கத்தில் அந்தச் செடி தெரியும். காற்றடித்தால் தலையை ஆட்டும். பொழுது சாய்கிற நேரம் அது கேட்டுக்கு உள்ளே யாரோ வந்து நிற்கிற மாதிரியே இருக்கும், உயரமாக, கொஞ்சம் குனிந்து, உன்னை மாதிரி. போன மாதம் இரண்டு தடவை "யாரு? வாங்க" என்று சொல்லிவிட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறிப் போன பிறகுதான் தெரிந்தது. போனதும் போனேன் என்று அதன் கட்டை இறுக்கிவிட்டு வந்தேன். இதை எழுதவா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். டீச்சர் "எழுதுங்க" என்றார்.

அதனால் சீமெந்து விஷயத்தில் என் முடிவு இது. தைப்பொங்கல் கழிய பாஸ் வரட்டும், போடட்டும். மதில் வரைக்கும் போடச் சொல், அரைகுறையாக வேண்டாம். நான் இல்லாத காலத்திலும் நீ வந்து காரை நிறுத்திவிட்டு ராத்திரி தூங்க வேண்டும். கிழங்கு அடியில் பெரிய பூசணி மாதிரிக் கிடக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்துப் போடட்டும், எனக்கு வருத்தம் இல்லை. தடிக்கு இந்த இடம்தான் வேண்டும் என்று இல்லை. நாவலப்பிட்டியில் நின்றது, இங்கே நின்றது, உங்கள் வத்தளைப் பக்க உப்புக் காற்றில் நிற்குமோ தெரியாது, நின்றாலும் நிற்கும். எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும், அதுதான் விஷயம். பாஸ் கூட அன்றைக்குப் போகிற போக்கில், "எங்கட வீட்டு ஆளுக்குப் பூக்கண்டுன்னா உசிரு. ஒரு துண்டு தருவீங்களா அம்மா?" என்று கேட்டார். "கேட்டா தர மாட்டேன் பாஸ், களவெடுக்கணும்" என்றேன். "அல்லாஹ்! களவு ஹராம் அம்மா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். "வீட்டுக்காரி திரும்பி நின்னா அது களவு இல்ல" என்றேன். தாடியைத் தடவி யோசித்தார். "அப்ப நான் கறிக்குப் போடுற கராம்ப ஒரு பிடி மதில்ல வச்சிட்டு எடுக்கிறேன், கணக்குச் சரி" என்று சிரித்துக்கொண்டே போனார். ஒரு ஆள் ஆயிற்று. ஆனால் அவர் வேற்று மனுஷன்.

மார்கழியில் வா என்று நான் உன்னைக் கேட்க மாட்டேன். இதைப் படித்துவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று டிலானியிடம் போய் நிற்காதே. நான் கூப்பிடவில்லை. கேட்டு வாங்கினால் எதுவும் பிடிக்காது என்று நம்பியே இவ்வளவு காலம் இருந்துவிட்டேன், இனி மாற்ற முடியாது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கவில்லை, மதினியிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கவில்லை, உன்னிடம் ஒரு நத்தாரைக் கேட்டு வாங்க மாட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி வைக்கிறேன். மொட்டு இருக்கிற இருப்பைப் பார்த்தால் டிசம்பர் நடுவில் விரியும். காற்று விட்டுவைத்தால் நத்தார் கழிந்தும் சில நாள் நிற்கும். வெயில் ஏறுகிற நேரம் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். சின்னவளுக்குக் கழுத்து நோகும், தூக்கிக்கொண்டால் முகம் தெரியும். பூ நுனியில் இருக்கும்போதே ஓரத்துத் தடியின் அடிப்பக்கம் முற்றியிருக்கும். அதில் இரண்டு கணு போதும். ஈரத் துணியைச் சுற்ற வேண்டும். குழாயடியில் ஒரு பழைய துணியைக் காயப் போட்டு வைப்பேன், அது எப்போதும் அங்கே கிடக்கிறதுதான்.

கேட்டுக்குப் பூட்டுப் போட மாட்டேன். கொண்டி துருப்பிடித்துச் சத்தம் போடுகிறது, நீ எண்ணெய் விடுவதாகச் சொன்னாய், ஆகஸ்டிலே, விடவில்லை. அப்படியே இருக்கட்டும். தடியை ஒடித்துப் பிள்ளையின் கையில் கொடு. ஓடச் சொல். ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடு, உனக்குத் தெரியும் எப்படி என்று. யாராவது என்ன என்று கேட்டால், பூக்கிற கரும்பு என்று சொல்லட்டும்.

நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். குசினியில் சீனி டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா